அத்தையின் சிங்க், மாமாவின் ஏழாம் அத்தியாயம்

அன்புள்ள மாமாவுக்கு,

இல்லை, அழவில்லை. அத்தை அழுதாளா என்று போனை வைக்கும்போது நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். அதற்குள் அத்தை பக்கத்தில் வந்து நின்றதால் பதில் சொல்ல முடியவில்லை. அத்தை அழவில்லை. அழுதிருந்தால் நிலைமை இவ்வளவு தூரம் போயிருக்காது.

முறைப்படி எழுத வேண்டியவை: நான் நலம். அத்தை நலம். வீடு நலம். சிங்க் மட்டும் நலமில்லை. நீங்கள் கூரியரில் அனுப்பிய பெட்டியிலேயே, பஞ்சுக்குச்சிகளுக்கு மேலே இந்தக் கடிதத்தை வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். முதலில் கடிதத்தைப் படியுங்கள். குச்சிகளிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

நீங்கள் வேறு ஊருக்கு வேலை மாறிப் போன பிறகு இங்கே நடந்தது எதுவும் உங்களுக்குத் தெரியாது. சொல்கிறேன்.

நீங்கள் எழுதிய புத்தகம் வந்தது. நீங்கள் எனக்கென்று வைத்து அனுப்பிய மற்ற இரண்டும் வந்தன. நொதிகளைப் பற்றி ஒன்று. விழுங்கிய மருந்து உடலுக்குள் என்ன ஆகிறது என்பதைப் பற்றி ஒன்று. எல்லாம் புத்தம் புதியவை, மை வாசனை போகாதவை. இலக்கியம் படிக்கிற பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று அத்தை கேட்டார். தலைக்கு வைத்துக்கொள்ள ஆகும் என்றேன்.

தவறு. தூக்கம் போய்விட்டது.

ஒரு நொதி கண்ணிமைப்பதற்குள் முடித்துவிடும் வேலையை, அது இல்லாமல் தானாக நடக்கட்டும் என்று விட்டால், மலைகள் தேய்ந்து முடிகிற காலம் ஆகுமாம். அந்த வரியைப் படித்துவிட்டு என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலைகள் தேய்கிற காலங்கள் என் தோலுக்கடியில் ஓடி ஓடி முடிந்துகொண்டிருக்கின்றன. சத்தமே இல்லை. இன்னொரு புத்தகத்தில் கல்லீரல். அது ஒவ்வொரு மாத்திரையையும் முன்பின் தெரியாத ஆளைப் போலப் பார்க்கிறது. கையில் ஒரு ஆக்சிஜனைக் கொடுத்து வாசலைக் காட்டுகிறது. என்ன மரியாதை. நாங்கள் வகுப்பில் இருப்பு, இன்மை என்று பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். கல்லீரலுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

உங்கள் ஏழாம் அத்தியாயத்துக்கு வந்தபோது நான் ஏற்கெனவே பாதி பக்தை. எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியை அடக்குகிற ஒரு மூலக்கூறு. அதைச் சுரக்கிற ஒரு பாக்டீரியா. மூலக்கூற்றை நீங்கள் படமாக வரைந்துவிட்டீர்கள். ஆனால் உங்கள் ஆய்வுக்கூடத்தில் யாராலும் அதைச் செய்ய முடியவில்லை. அது செய்கிறது. கை இல்லை. மூளை இல்லை. மழை விழுந்த மண்ணில் எழுகிற வாசனைகூட இந்தக் கூட்டத்தார் விடுவதுதான் என்று அடிக்குறிப்பில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். மாமா, அதை அடிக்குறிப்பில் போட உங்களுக்கு எப்படி மனம் வந்தது? மழையைப் பற்றிக் கவிதை எழுதியவர்கள் அத்தனை பேரும் ஒரு பாக்டீரியாவுக்கு நன்றி சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். நானும்தான்.

அதற்கடுத்த வரியில்தான் வந்தது வினை.

‘இவ்வகை, ஒரு வீட்டுச் சமையலறைத் தொட்டியின் கழிவுக்குழாயில் படிந்திருந்த கசட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது.’

எந்த வீடு என்று சொல்லத் தேவையில்லை. நான் அதை வாசித்துவிட்டுச் சமையலறைக்குப் போய் சிங்க்கின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். கும்பிடவில்லை. ஏறக்குறைய. அத்தையிடம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் எதிர்வீட்டுப் பெண் பார்மசி படிக்கிறாள், அவர்கள் கல்லூரி நூலகத்தில் உங்கள் புத்தகம் வாங்கியிருக்கிறார்கள், அவளுடைய பேராசிரியர் அந்தப் பக்கத்தை வகுப்பில் வாசித்திருக்கிறார், எழுதியவர் எங்கள் எதிர்வீட்டு மாமாதான் என்று இவள் எழுந்து நின்று பெருமையடித்திருக்கிறாள், அன்று மாலையே நாலைந்து தோழிகளைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறாள், அத்தை தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் சிவப்புப் பேனாவும் கையுமாகக் கதவைத் திறக்கிறார், எதிரே இவள் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள்.

“ஆன்ட்டி, உங்க சிங்க்கைக் கொஞ்சம் பாக்கலாமா?”

“எதுக்கும்மா?”

“அதுல இருந்த அழுக்குலதான் ஆன்ட்டி அங்கிள் மருந்து கண்டுபிடிச்சாரு! எங்க புக்குல இருக்கு. உங்களுக்குத் தெரியாதா?”

இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்தவர் அத்தை. ஒரு ஸ்பூனைக்கூட இரவில் கழுவாமல் விடாதவர். அவருடைய சிங்க்கைப் பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்தி குனிந்து அடியில் எட்டிப் பார்த்தாள். ஒருத்தி சிங்க்கோடு செல்ஃபி எடுத்தாள். “இவ்ளோ சுத்தமா இருக்கே, இதுலயா?” என்று ஒருத்தி கேட்டது நல்ல மனதோடுதான். ஆனால் அத்தையின் காதில் ‘இதுலயா’ மட்டும்தான் விழுந்தது.

அவர்கள் போன பிறகு என்னிடம் கையை நீட்டினார். புத்தகத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

“கசடாமே.”

“அது அறிவியல் வார்த்தை அத்தை.”

“எந்த ஊர்ல? ‘ஊட்டச்சத்துக் குறைந்த சூழல்’னு வேற போட்டிருக்கு. என் சமையல்ல சத்தும் இல்லையா? இத்தனை வருஷம் வாயைத் திறக்காம சாப்பிட்டுட்டு, அச்சடிச்சுச் சொல்றாரு.”

புத்தகத்தை மூடினார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

மறுநாள் நான் கல்லூரியிலிருந்து வந்தபோது வீடு முழுக்க ஆசிட் நெடி. கண் எரிந்தது. சிங்க்குக்கு அடியில் வெள்ளை வெளேரென்று புதுக் குழாய். அன்றிலிருந்து தினமும் கொதிநீர், அதன் மேல் பிளீச்சிங் பவுடர். எதிர்வீட்டுக்கு வாசனை போக ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஊற்றுகிறார். நுண்ணுயிர் என்ற சொல்லே வீட்டில் தடை. தயிர்கூட இப்போது பேச்சுவார்த்தை இல்லாமல்தான் உறைகிறது.

இந்த நிலையில்தான் உங்கள் போன். அந்த பாக்டீரியாவை வைத்திருந்த உறைபெட்டி பழுதாகிவிட்டது, விடுமுறையில் யாரும் கவனிக்கவில்லை, எல்லாம் உருகி வீணாகிவிட்டது என்று சொன்னீர்கள். இன்னொரு பிரதி இருக்குமே மாமா என்று கேட்டதற்குக் கீழ்த்தட்டில் இருந்தது என்றீர்கள். ஒரே பெட்டியின் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் வைத்துவிட்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்ததை நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. உங்கள் குரலைக் கேட்ட பிறகு அதைச் சொல்லிச் சிரிக்கவும் முடியவில்லை. உங்கள் தலை நரைத்த காலம் முழுவதும் செய்த வேலை. இனி உலகத்தில் அது இருக்கக்கூடிய ஒரே இடம் அத்தையின் சிங்க். ‘எப்படியாவது ஒரு துளி எடும்மா’ என்றீர்கள்.

முதலில் பிளம்பரைத் தேடிப் போனேன். ஒரு மாடிவீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்து தலையை மட்டும் நீட்டினார்.

“டீச்சர் வீட்டுப் பழைய பைப்பா? எல்லாரும் புதுசு ஒழுகுதுன்னு வருவாங்க. நீ ஒருத்திதான் பழசைக் கேட்டு வர்ற.”

“அதை என்ன பண்ணீங்க அண்ணே?”

“டீச்சர் கையில குடுத்துட்டேன். அத எதுக்கும்மா தேடுற?”

“அதுல ஒரு மருந்து இருக்கு.”

“எனக்கும் மூட்டுவலிதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அத்தையிடம் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். “பழைய குழாய் என்ன ஆச்சு அத்தை?” “போட வேண்டிய இடத்துல போட்டாச்சு” என்றார். கணக்கு டீச்சரின் குரல். அதற்கு மேல் துணைக்கேள்வி கிடையாது.

இன்று காலை அவர் பள்ளிக்குக் கிளம்பியதும் வேலையைத் தொடங்கினேன். கையுறை, டார்ச், உங்கள் பஞ்சுக்குச்சிகள். சிங்க்குக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து படுத்தேன். புதுக் குழாயின் மூட்டைத் திருகினேன். உள்ளே பளபளவென்று இருந்தது. ஒரு கறை இல்லை, ஒரு வழுவழுப்பு இல்லை. இவ்வளவு வெறுமையை நான் கவிதையில்கூடப் பார்த்ததில்லை. இருந்தாலும் குச்சியை விட்டுத் தேய்த்தேன். அப்போது என் காலுக்குப் பக்கத்தில் இரண்டு பாதங்கள். கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார்.

“என்ன தேடுற?”

பொய் சொல்ல நினைத்தேன். சிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கையில் பஞ்சுக்குச்சியோடு, சொல்லக்கூடிய பொய் எதுவும் அகப்படவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உறைபெட்டி. கீழ்த்தட்டு. உங்கள் குரல் உட்பட.

அத்தை, கழுவிய டம்ளர் ஒன்றை எடுத்து மறுபடியும் கழுவத் தொடங்கினார். குழாய் கழன்றிருந்ததால் தண்ணீர் முழுக்க என் மேல் கொட்டியது. அவர் கவனிக்கவில்லை. நான் நனைந்தபடியே பேசினேன். எங்கிருந்து அவ்வளவு பேச்சு வந்தது என்று தெரியவில்லை.

“அத்தை, ஊட்டச்சத்துக் குறைந்த சூழல்னா உங்க சமையல் இல்ல. உங்க சிங்க். தின்ன எதுவும் கிடைக்காதபோதுதான் அந்த பாக்டீரியா மருந்தையே சுரக்குது. இருக்கிற துளி சாப்பாட்டுக்கு வேற யாரும் போட்டிக்கு வரக்கூடாதுன்னு அது சண்டை போடுது. அந்தச் சண்டைதான் மருந்து. உங்க சிங்க் அழுக்கா இருந்திருந்தா அது தின்னுட்டுத் தூங்கியிருக்கும். ஊர்ல எத்தனை சிங்க் இருக்கு? எல்லாத்துலயும் எண்ணெயும் பருக்கையும் இருக்கு. நீங்க தினமும் தேய்ச்சுத் தேய்ச்சு அதைப் பட்டினி போட்டிருக்கீங்க.”

டம்ளர் நின்றது.

“அப்ப நான் சுத்தமா வெச்சதாலதான் மருந்தே வந்துச்சுங்கிற?”

“ஆமா அத்தை.”

“அதை அவர் எழுதலாம்ல?”

எழுதலாம்தான் மாமா. எழுதியும் இருக்கிறீர்கள். ‘ஊட்டச்சத்துக் குறைந்த சூழல்’ என்பது ஒரு மனைவிக்கு எழுதப்பட்ட பாராட்டு. ஆனால் அதைப் பாராட்டு என்று கண்டுபிடிக்க நுண்ணுயிரியலில் ஒரு பட்டம் வேண்டியிருக்கிறது. இந்த நுணுக்கத்தை அத்தைக்கு விளக்கிப் புரியவைத்தது நான்தான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தை கண்ணாடியை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

ஆக, சொல்ல வேண்டியது இதுதான். இந்தக் குச்சிகளில் பிளீச்சிங் பவுடரைத் தவிர வேறு எதுவும் முளைக்காது. பழைய குழாய் போய்விட்டது. மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். எனக்கும் துக்கமாக இருக்கிறது. நம் காலடியில் அப்படி ஒன்று இவ்வளவு காலம் பசியோடு உட்கார்ந்து, யாருக்கென்று தெரியாமல் மருந்து செய்துகொண்டிருந்தது. நாம் அதன் தலையில் பாத்திரம் கழுவினோம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். தலைக்கு எண்ணெய் வையுங்கள். உறைபெட்டியை நினைத்துக்கொண்டு படுக்காதீர்கள். அத்தையின் சார்பில் அன்பு தெரிவிக்க எனக்கு அதிகாரம் தரப்படவில்லை. என் அன்பையே இரண்டு பங்காக எடுத்துக்கொள்ளவும்.

என்றும் உங்கள்,
அக்கா மகள்

பி.கு.: மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம்.

பெட்டியை ஒட்டிக்கொண்டிருந்தபோது அத்தை பள்ளியிலிருந்து வந்தார். “கொஞ்சம் இரு” என்று சொல்லிப் பின்பக்கம் கூட்டிப் போனார். துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு வாளி, மேலே தட்டு. தட்டைக் கொஞ்சம் நகர்த்திக் காட்டினார். பாதித் தண்ணீரில் சிங்க்கின் பழைய குழாய். அந்த வளைந்த துண்டு.

“ஆசிட்டெல்லாம் இதைக் கழட்டி எடுத்தப்புறம்தான் ஊத்துனேன்” என்றார். “தினமும் பாத்திரம் கழுவுற கடைசித் தண்ணி கொஞ்சம் இதுல ஊத்துவேன். முதல் தண்ணி ஊத்தக்கூடாது. அதுல சாப்பாடு இருக்கும். தின்னுட்டுத் தூங்கிடும்.”

“அத்தை! காலைல நான் அவ்வளவு நேரம் விளக்குனேன்!”

“நல்லாத்தான் சொன்ன. நடுவுல நிறுத்த மனசு வரல.”

“அப்ப ஏன் இத்தனை நாளா சொல்லல?”

“அவரு வந்து கேக்கட்டும்னு இருந்தேன். உன்கிட்டதான் கேட்டாராக்கும்.” தட்டைச் சரிசெய்துகொண்டே, “குரல் ரொம்ப உடைஞ்சா இருந்துச்சு?” என்றார்.

புத்தகத்தையும் கொடுத்தார். ஏழாம் அத்தியாயம் முழுக்கச் சிவப்பு மை. நீங்கள் வரைந்த மூலக்கூற்றுக்குப் பக்கத்தில் பெரிதாக ஒரு ‘சரி’. அந்த வரியில் ‘ஒரு வீட்டு’ அடிக்கப்பட்டு, மேலே ‘நன்கு பராமரிக்கப்பட்ட ஒரு வீட்டு’. ‘கசடு’ அடிக்கப்பட்டிருக்கிறது, மேலே எதுவும் எழுதப்படவில்லை, நீங்களே யோசிக்க வேண்டுமாம். ஓரத்தில், பிள்ளைகளின் தாளில் எழுதுவது போலவே: ‘விடை சரி. விடை வந்த வழி காட்டப்படவில்லை. திருத்தி எழுதி நேரில் கொண்டு வரவும்.’ ‘நேரில்’ இரண்டு முறை அடிக்கோடிடப்பட்டிருக்கிறது.

வாளியின் தட்டை முழுவதும் விலக்கினார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. வாளியிலிருந்து மழை வாசனை வந்தது.

புதுக் குச்சி எடுத்தேன். அத்தை குழாயைப் பிடித்துக்கொண்டார். வளைவின் உள்பக்கம் தேய்த்து, குச்சியை அதன் குப்பிக்குள் வைத்து மூடி, பழைய குச்சிகளை எடுத்துவிட்டுப் பெட்டியில் வைத்தேன். இந்தத் தடவை பாதியைத்தான் அனுப்புகிறோம். மீதி வாளியில் இருக்கட்டும் என்று அத்தை சொல்கிறார். இனி, கடைசித் தண்ணீரில் கொஞ்சம் வாளியில் ஊற்றிவிட்டு, கூரியர் கடை மூடுவதற்குள் கிளம்புகிறேன்.