ஆமை டீச்சர்

பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தருவது பெரிய கஷ்டமில்லை. அவர்களுடைய அம்மாக்களிடமிருந்து உயிரோடு தப்புவதுதான் கஷ்டம். இதை நான் தெரிந்துகொண்டது இருபத்திரண்டு வயதில், உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில்.

அங்கே மாலை நேரப் படிப்பு மையத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பதினைந்து பேர். எல்லோரையும் மொத்தமாகக் கத்தவிடாமல், ஐந்தைந்து பேராகப் பிரித்து, பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளை வாசிப்பதையும் கேட்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். நல்ல யோசனை. குழுக்களுக்குப் பெயர் வைக்கச் சொன்னார்களா? இல்லை. அது என் சொந்த மூளை. சரளமாக வாசிப்பவர்கள் மான், நடுவில் முயல், எழுத்துக் கூட்டுபவர்கள் ஆமை. (அட்டையில் படம் வரைந்து கழுத்தில் வேறு மாட்டி வீட்டுக்கு அனுப்பினேன். அவ்வளவு கலைத்தாகம்!)

மறுநாள் சாயங்காலம் நடவு முடித்து, காலில் சேறு காயாமல், கையில் ரேஷன் பையோடு வந்து நின்றார் மல்லிகா அக்கா. பின்னால் இன்னும் சில அம்மாக்கள். பக்கத்தில் மகள் கீர்த்தனா. கழுத்தில் ஆமை.

"இன்னா டீச்சர், எம் பொண்ணு ஆமையா? தெருவே சிரிச்சிக்கினு கீது. நாளையிலேர்ந்து இவ வரமாட்டா."

பிள்ளைகள் குறைந்தால் மையத்தை மூடிவிடுவார்கள்.

"அக்கா, கதையில ஆமைதானே ஜெயிக்கும்?" என்றேன், மகா சாமர்த்தியமாக.

பின்னாலிருந்து இன்னொரு அம்மா முன்னே வந்தார். "அப்போ எம் புள்ள முயலு, தூங்கித் தோத்துடுவான்னு சொல்றியா?"

"ஐயோ, இல்லக்கா! மான் மாதிரி..."

"மானைப் புலி அடிச்சித் தின்னுடுமே!" என்றார் மூன்றாவது அம்மா.

காடே என்மேல் பாய்ந்தது. அழுதுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கீழே ஒரு சின்னக் குரல்.

"ம... ல்... லி... கா."

கீர்த்தனா அம்மாவின் பையிலிருந்த ரேஷன் கார்டை எடுத்து, விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி சொன்ன?"

"உம் பேரும்மா. இங்க கீது பாரு."

மல்லிகா அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கீர்த்தனா அவர் விரலைப் பிடித்து ஒவ்வோர் எழுத்தின் கீழும் நகர்த்தினாள். அக்கா கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தினி நாளா எம் பேரு இங்கயா இருந்துச்சி?" என்றார் மெதுவாக. பிறகு மகள் கழுத்திலிருந்த ஆமையைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "இத நீ மாட்டிக்க. பொண்ணு நாளைக்கி வரும்."

மாட்டிக்கொண்டேன். (அந்த நிம்மதியில் யானையைத் தந்திருந்தாலும் மாட்டியிருப்பேன்.) அம்மாக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குழுக்களுக்குப் பிள்ளைகளே புதுப்பெயர் வைத்தார்கள்: பரோட்டா, பிரியாணி, பஜ்ஜி. எந்த அம்மாவும் சண்டைக்கு வரவில்லை.

எனக்கு வைத்த பெயர்தான் மாறவில்லை. என் கல்யாணத்துக்கு வந்த மல்லிகா அக்கா அதை மாப்பிள்ளையிடமும் சொல்லிவிட்டுப் போனார். இன்றும் நான் புடவை கட்டி முடிப்பதற்குள், வாசலிலிருந்து கணவரும் மகளும் எழுத்துக் கூட்டிக் கத்துவார்கள்: "ஆ... மை... டீ... ச்... ச... ர்... கெளம்பியாச்சா?"