தூக்குக் கைதிக்கு விடுதலை கொடுத்தவர்

மலாயாவின் ஜொகூரில் எத்தனை ரப்பர் மரம் உண்டோ அத்தனை பொய்யையும் தனி ஆளாகச் சொன்னவர் எங்கள் 'முழக்கம்'. ஊமைப்படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வது அவர் உத்தியோகம். படத்துக்கு இடையில் திரையில் வரும் இங்கிலீஷ் வரிகளில் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அதை அவர் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை.

லாபிஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் கணக்கெழுதும் சின்னக் கிராணி. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன். ஒரு ஞாயிறு மத்தியானம் ரப்பர் ஸ்டோரின் சன்னல்களில் இருட்டுக்காகச் சாக்குத் தொங்கவிட்டுப் படம் காட்டினார்கள். எழுத்தைப் படித்து முழக்கத்தின் காதில் சொல்லும் பொறுப்பு எனக்கு.

படம் தொடங்குமுன் அஞ்சலை கைப்பிள்ளையோடு அவரிடம் வந்தாள். அவள் புருஷன் கங்காணியை அடித்துவிட்டு ஜெயிலுக்குப் போய் எட்டு மாதம், தகவலே இல்லை. தூக்கில் போட்டுவிட்டார்கள் என்று கூலிகளின் லயத்து வீடுகளில் பேச்சு. அடிதடிக்குத் தூக்கு கிடையாது என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை.

"ஜெயிலுக்குப் போனவங்க திரும்பி வருவாங்களாண்ணே?"

முழக்கம் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

படம், சீமையில் பேர்போன ஒரு முரட்டுக் கைதியின் உண்மைக் கதை. அவன் வார்டர்களை வரிசையாக உதைத்தான். "சோத்துல கல்லு கெடந்தா நீங்க சும்மா இருப்பீங்களா?" என்று முழக்கம் சபையைக் கேட்டார். இருக்கமாட்டோம் என்றது சபை. ஒரு வார்டரின் காதைக் கடித்தான். ரகசியம் சொல்கிறான் என்றார்.

கடைசியில் கறுப்பு அங்கி போட்ட ஒரு பாதிரியார் கைதியைக் கூட்டிப்போனார். சுற்றிலும் கறுப்புக் கோடு போட்ட எழுத்து வந்தது. தூக்கிலிட்டார்கள் என்று கிசுகிசுத்தேன். முழக்கம் முன்வரிசையில் அஞ்சலையைப் பார்த்தார். பிறகு தகரக்கூரை அதிர முழங்கினார்: "கறுப்புக் கோட்டு வக்கீலய்யா விடுதலைக் கடுதாசியோட வந்துட்டாரு. ஆளு வீட்டுக்குப் போறான்."

பின்னாலிருந்து, ரப்பர் ஏற்றிச் சிங்கப்பூருக்குப் போய்வரும் லோரிக்காரர் எழுந்தார். "பொய்யி. இத நான் சிங்கப்பூர்லயே பாத்துட்டேன். அவன தூக்குல போட்டுட்டாங்க. வேணும்னா கிராணியாரக் கேளுங்க."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அஞ்சலையும். படித்தவன் பொய் சொல்லக்கூடாது என்று சொல்லித்தான் என்னைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"விடுதலைன்னுதான் போட்டிருக்கு."

லோரிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். ஸ்டோர் முழுக்க விசில். அஞ்சலை பிள்ளையின் தலையைத் தடவி, "பாத்தியாடா, வந்துருவாரு உங்கப்பா," என்றாள். இரண்டு மாதம் கழித்து, இளைத்துப்போய், அவர் வந்தும்விட்டார்.

அன்று சனம் கலைந்ததும் முழக்கம் என் தோளில் கை போட்டார். அப்படியே கூட்டிப்போய் எனக்கும் ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். பொய் சொன்ன வாயால் நானும் அதைக் குடித்தேன்.