உங்கள் தட்டில் இருப்பது தப்பு

காலையில் நீங்கள் எதைச் சாப்பிட்டீர்களோ அது தப்பு என்று சொல்வதற்கென்றே உலகத்தில் ஒரு இனம் இருக்கிறது. எதிர்த்தட்டுக்காரர் என்று நான் அதற்குப் பெயர் வைத்திருக்கிறேன். லிஃப்டில், பூங்காவில், பஜாரில், ஆட்டோ வரிசையில், எங்கே வேண்டுமானாலும் தென்படுவார். "டிபன் ஆச்சா?" என்று நாமெல்லாம் கேட்பது மரியாதைக்கு, பதிலை யாரும் காதில் வாங்குவதில்லை. இந்த இனம் வாங்கும். வாங்கிக்கொண்டு, "என்ன டிபன்?" என்று இரண்டாவது கேள்வியையும் போடும். அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள்.

"முட்டை" என்று சொல்லிப் பாருங்கள். போச்சு! கொலஸ்ட்ராலில் ஆரம்பித்து, கோழிக்குப் போடும் ஊசி வரைக்கும் போய், தன்னுடைய ஒன்றுவிட்ட மச்சான் தினமும் ஆம்லெட் சாப்பிட்டு எப்படி ஆஸ்பத்திரியில் படுத்தார் என்பதையும் சொல்லி, "பேசாம ஒரு கிண்ணம் கார்ன்ஃபிளேக்ஸ் சாப்பிடலாமே" என்று முடிப்பார். சரி, மனுஷன் கார்ன்ஃபிளேக்ஸ் கட்சி போலிருக்கிறது என்று மறுநாள் மெனக்கெட்டு அதையே சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சொன்னால்? "அட்டைப்பெட்டியத் திருப்பிப் பாத்தீங்களா? அத்தனையும் சர்க்கரை. ரெண்டு முட்டைய அவிச்சுத் தின்னா என்னவாம்?" அதே மச்சான், அதே ஆஸ்பத்திரி, இந்தத் தடவை கார்ன்ஃபிளேக்ஸ் சாப்பிட்டுப் படுத்திருப்பார். இட்லி என்று சொல்லித் தப்பிக்கலாமா? அரிசிக்கென்று தனிப் பிரசங்கம் உண்டு.

எங்கள் கொல்கத்தா சால்ட் லேக் குடியிருப்பில் இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரி உத்தமன். கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழ்வீட்டு பெங்காலி தாதா (இங்கே அண்ணன் என்று அர்த்தம்) பாவம், முரி என்று இவர்கள் சொல்லும் பொரியைப் பாலில் போட்டு ஆயுள் முழுக்கச் சாப்பிட்டு வருகிறவர். அவரை நிறுத்தி வைத்து முட்டையின் மகிமையை உத்தமன் அரைகுறை ஹிந்தியில் விளக்கினார். அவரும் மயங்கிப்போய், முட்டையில் தோய்த்த ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு வந்து மறுநாள் பெருமையாகச் சொல்ல, உத்தமன் தலையில் கை வைத்துக்கொண்டார்: "அரே தாதா, முரி க்யூன் சோட் தியா?" முரியை ஏன் விட்டீர்களாம்!

ஊரார் கதி இது. கட்டிக்கொண்டவள் கதியை யோசித்துப் பாருங்கள்.

அவர் மனைவி கிருஷ்ணம்மாள் ஆம்லெட் போட்டால், "கார்ன்ஃபிளேக்ஸ் இல்லையா?" கார்ன்ஃபிளேக்ஸ் வைத்தால், "இதென்ன, மாட்டுக்குத் தவிடு கலக்குன மாதிரி?" இரண்டையும் வைத்தால், "ரெண்டும் சேந்தா எப்படிச் செரிக்கும்?" வாதம் முடிவதற்குள் முட்டை ஆறிவிடும், கார்ன்ஃபிளேக்ஸ் கூழாகிவிடும். அவர் வெறும் டீயைக் குடித்துவிட்டு, ஜெயித்த முகத்தோடு பஜாருக்குக் கிளம்பிவிடுவார். அப்படிப் போன ஒரு நாள் மீன்கடை முன்னால் தலைசுற்றி விழுந்தார். மீன்காரர்தான் டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்.

டாக்டர் வந்தார். வெறும் வயிற்றோடு திரியக் கூடாது, தினமும் காலையில் முட்டை சாப்பிட வேண்டும் என்றார். பிரஷர் பட்டை கையில் சுற்றியிருக்கும்போதே உத்தமன் கேட்டார்: "ஏன் டாக்டர், கார்ன்ஃபிளேக்ஸ்ல என்ன குறை?"

அன்று சாயங்காலம் கிருஷ்ணம்மாள் மாடிவீட்டு வைஷாலியிடம் போய் அழுதுவிட்டாள். வைஷாலி மதுரைப் பெண். செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் வேலை.

"இன்னொரு தடவ ரோட்டுல விழுந்தா யாரும்மா தூக்குவா? வாதாடி வாதாடியே பட்டினியில போய்ச் சேந்துருவாரு போல. எனக்குப் பயமா இருக்கு."

"சாப்பிடச் சொல்றதாலதானே ஆன்ட்டி சாப்பிட மாட்டேங்குறாரு? நாளைக்கு நான் வர்றேன். நீங்க முட்டைய மட்டும் அவிச்சு வைங்க, வாயத் திறக்காதீங்க."

மறுநாள் ஆபீஸ் பையோடு வந்து உத்தமனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"என்னம்மா, டிபன் ஆச்சா? என்ன டிபன்?"

"கார்ன்ஃபிளேக்ஸ் அங்கிள். முட்டையெல்லாம் இந்தக் காலத்துல யாரு சாப்பிடுறா? சுத்த வேஸ்ட்."

அடடா, அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! பட்டிமன்றத்தில் மைக் கிடைத்த மாதிரி மலர்ந்தது. "வேஸ்ட்டா? இங்க பாரு" என்று ஒரு முட்டையை எடுத்துக் காட்டினார். காட்டியதை எங்கே வைப்பது? வாயில் வைத்தார். "என்ன குறைஞ்சுபோச்சு இப்ப? சொல்லு." அவள் உதட்டைப் பிதுக்கினாள். அந்தப் பிதுக்கலுக்காக இன்னொரு முட்டையும் உள்ளே போனது. அடுக்களையில் கிருஷ்ணம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லையாம்.

குளிர்காலம் முழுவதும் இப்படியே ஓடியது. மேலே தன் வீட்டில் ஆம்லெட்டை முழுங்கிவிட்டு, ஏலக்காயை மென்றுகொண்டு கீழே வந்து கார்ன்ஃபிளேக்ஸுக்காக வாதாடினாள் அந்தப் பெண். ஒவ்வொரு நாளும் தோற்றாள். உத்தமன் கன்னத்தில் சதை பிடித்தது. மீன்காரரிடம் முன்பைப் போலத் தெம்பாகச் சண்டை போட ஆரம்பித்தார்.

அப்புறம் வைஷாலிக்குப் பெங்களூருக்கு மாற்றல் வந்துவிட்டது. கிருஷ்ணம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து "உங்களுக்கு என்ன வேணும்?" என்றே கேட்டுப் பழகிய வாய் அவளுடையது. வேறு வழியில்லை. மறுநாள் புருஷனுக்கு எதிரே ஒரு கிண்ணம் கார்ன்ஃபிளேக்ஸோடு தானே உட்கார்ந்தாள். நனைந்த அட்டையை மெல்வது போல இருந்ததாம். மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "முட்டையத் தொடாதீங்க. உடம்புக்கு ஆகாது."

"யாரு சொன்னா?" என்றார். சாப்பிட்டார்.

பிழைத்தது குடும்பம் என்று நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வைஷாலி போன் பண்ணினாள். கிருஷ்ணம்மாள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னம்மா, டிபன் ஆச்சா?"

"ஆச்சு ஆன்ட்டி."

"என்ன டிபன்?"

டீயைக் கீழே வைத்துவிட்டேன். அந்த இரண்டாவது கேள்வி! கிருஷ்ணம்மாள் வாயிலிருந்தா?

"ரெண்டு முட்டை ஆன்ட்டி" என்றாள் அந்தப் பெண், இனி மறைக்க என்ன இருக்கிறது என்று.

"முட்டையா? ஏம்மா உனக்குப் புத்தி இப்படிப் போகுது? ஒரு கிண்ணம் கார்ன்ஃபிளேக்ஸ் சாப்பிடலாமே. என் ஒன்னுவிட்ட அண்ணன் ஒருத்தரு இப்படித்தான்..."

"சின்னப் புள்ளைய ஏன் படுத்துற? தின்னுட்டுப் போகட்டும் விடு!" என்று உள்ளே இருந்து குரல் கொடுத்தார் உத்தமன். அடுத்தவர் தட்டில் இருப்பதை இருந்தபடியே விட்டுவிட்டு அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அதையும் பெண்டாட்டியை மறுப்பதற்காகத்தான் பேசினார்.

ஆக, இது தொற்றுகிற வியாதி. எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாலே போதும், பிடித்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் பயப்பட வேண்டாம். உங்களைப் பார்த்தாலே தெரிகிறது. நிச்சயமாக நீங்கள் அந்த இனம் இல்லை. அடித்துச் சொல்கிறேன், இல்லவே இல்லை.

என்ன சொன்னீர்கள்? "அதை எப்படி நீ சொல்லலாம்?" என்றா?