பாக்கியத்தின் கையெழுத்தும் என் இரண்டு புள்ளிகளும்

ஒரு பெண்மணியின் கையெழுத்தை நான் கள்ளத்தனமாகப் போட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதுவும் கல்லூரியில் முப்பத்துநாலு வருடம் அரசியல் பாடம் நடத்தியவன், 'மக்களின் ஒப்புதல் இல்லாத ஆட்சி ஆட்சியே அல்ல' என்று கரும்பலகை தேயத் தேய எழுதியவன். (சாக்பீஸ் தூள் மூளைக்கு ஏறிவிட்டது என்பாள் என் மனைவி சரோஜா.)

சில வருடங்களுக்கு முன் ஒரு சட்டம் வந்தது. ஊர்ப் பொதுத் தொல்லைகளைத் தீர்க்க, புதுக் கருவிகளை உள்ளாட்சிகள் ஏதாவது ஒரு தெருவில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். ஒரே நிபந்தனை, அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்கு வாய்த்தது கொசுப்பொறி. அண்டா அளவுக்கு ஒரு வெள்ளை டப்பா. மனிதனின் மூச்சையும் வியர்வை வாசனையையும் வெளியே விடும். நம்பி வரும் கொசுவை உள்ளே இழுத்துக்கொள்ளும். நான் குடியிருப்போர் சங்கத் தலைவர். படம் வரைந்து வீடு வீடாக வகுப்பெடுத்தேன். இருபத்திரண்டு வீட்டார் கையெழுத்துப் போட்டார்கள். (என்னை அனுப்பி வைக்க வேறு வழியில்லை.) இருபத்துமூன்றாவது வீடு பாக்கியத்துடையது.

மண்ணச்சநல்லூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். கணவர் தவறிய பிறகு, சாயங்காலம் வாசலில் இரண்டு பெஞ்சு போட்டுக் குழிப்பணியாரம் சுட்டார். அதில்தான் குடும்பம் ஓடியது. டப்பாவுக்கு மின்சாரம் எடுக்க வேண்டிய கம்பம் அவர் வாசலில்தான் இருந்தது.

"கொசுவை வா வான்னு கூப்பிடுற மெஷினா சார்? வர்றது அத்தனையும் உள்ள போயிடுமா?"

"பெரும்பாலும் போயிடும்மா."

"மிச்சம் எங்க சார் போகும்?"

பதில் இல்லாதபோது படித்தவன் செய்வதைச் செய்தேன். சிரித்தேன். அவர் கையெழுத்துப் போடவில்லை.

மறுநாள் கடைசி நாள். விட்டால் டப்பா காட்டூருக்குப் போய்விடும். காட்டூர்க்காரர்கள் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் காட்சியை என்னால் தாங்க முடியவில்லை. சங்க நோட்டில் பாக்கியத்தின் கையெழுத்து இருந்தது. பார்த்துப் போட்டேன். நாலு தடவை பழகிப் பார்த்துவிட்டுத்தான். எதையும் ஒழுங்காகச் செய்பவன் நான்.

டப்பா வந்தது. அக்கம்பக்கத்துக் கொசுவெல்லாம் வாசனை பிடித்துப் பாக்கியம் வாசலுக்கு வந்து சேர்ந்தது. பாதி உள்ளே போனது. போலி மனிதனைத் தேடி வந்த மீதிக்கு, பக்கத்துப் பெஞ்சில் அசல் மனிதர்கள் உட்கார்ந்து பணியாரம் சாப்பிடுவது தெரிந்துவிட்டது. சாப்பிடுகிறவர்கள் தட்டை மடியில் வைத்துவிட்டுப் படபடவென்று கை தட்டினார்கள். கோயிலுக்கு வந்த வடநாட்டு யாத்ரீகர்கள் சிலர் பஜனை நடக்கிறது என்று நினைத்து, தாங்களும் நின்று தட்டிவிட்டுப் போனார்கள். இரண்டே வாரத்தில் பெஞ்சு காலியானது. தெருவின் மற்ற பகுதியில் கொசுவே இல்லை. அதற்காக வார்டு கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

பொன்னாடை தோளில் இருக்கும்போதே பாக்கியம் உள்ளே வந்தார்.

"நான் சம்மதமே சொல்லலையேங்க. எப்படி வச்சீங்க?"

கூட்டத்துக்கு வந்திருந்த மாநகராட்சி அதிகாரி படிவத்தை எடுத்து நீட்டினார். பாக்கியம் நிதானமாகப் பார்த்தார். "பேரு என் பேருதான். ஆனா நான் கீழ கோடு இழுத்து ரெண்டு புள்ளி வைக்க மாட்டேங்க."

அதிகாரி என்னிடம் படித்தவர். அந்தக் கோட்டையும் இரண்டு புள்ளிகளையும் அவருடைய விடைத்தாள்கள் அத்தனையிலும் என் கையெழுத்துக்குக் கீழே பார்த்திருக்கிறார். நாலு தடவை பழகியும், முப்பத்துநாலு வருடக் கை ஐந்தாவது தடவை தன் புத்தியைக் காட்டிவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் பொன்னாடையை எடுத்து மடித்தேன்.

"நான்தான் போட்டேன்" என்றேன்.

"அப்ப இது செல்லாது சார். டப்பாவை எடுக்கணும். வேற இடத்துல வைக்கணும்னா மறுபடி எல்லார் சம்மதமும் வாங்கணும்."

"என் வாசல்ல வைங்க. மின்சாரம் என் வீட்டுலேருந்து எடுத்துக்கலாம். சம்மதம் நான் வாங்கிட்டு வர்றேன்."

இருபத்தோரு வீட்டார் நான் வாயைத் திறப்பதற்குள் கையெழுத்துப் போட்டார்கள். "உங்க வாசல்லயா சார்? தாராளமா." எங்கள் வீட்டுக்குச் சரோஜா மறுநாள்தான் போட்டாள்.

பாக்கியத்திடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். "அது இருக்கட்டும். இந்தச் சட்டத்துல என்ன எழுதியிருக்குன்னு படிங்க சார். சத்தமா, பெஞ்சுல உக்காந்து. எல்லாரும் கேக்கட்டும்" என்றார். மூன்று சாயங்காலம் சட்டத்தை ஒரு பிரிவு விடாமல் படித்தேன். டப்பா போனதும் மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்த வாடிக்கையாளர்கள் சட்னியோடு சேர்த்துக் கேட்டுக்கொண்டார்கள்.

"ஒப்புதல்னா என்ன சார்?"

"கேட்டு, புரிஞ்சுக்கிட்டு, அவங்களாச் சொல்றது."

"சொல்லாம இருந்தா?"

"இல்லைன்னு அர்த்தம்."

"இதைத்தான் முப்பத்துநாலு வருஷம் நடத்துனீங்களா?" என்று கேட்டுவிட்டு, மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

சோதனைக் காலமான ஆறு மாதமும் டப்பா என் வாசலில் நின்றது. உறவினர்கள் வருவது நின்றது. பாக்கியம் மூன்றாவது பெஞ்சு போட்டார்.

வெட்கத்தில் நான் என் கையெழுத்திலிருந்து கோட்டையும் புள்ளிகளையும் எடுத்துவிட்டேன். போன மாதம் வங்கியில் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். பணியாரம் வாங்கப் போன இடத்தில் சரோஜா இதைப் பாக்கியத்திடம் சொல்லியிருக்கிறாள். இப்போது தெருவே சொல்லிச் சிரிக்கிறது:

"சாருக்கு அடுத்தவங்க கையெழுத்து அச்சு அசலா வரும். சொந்தக் கையெழுத்துதான் வராது."