பன்னிரண்டாம் ட்ரிப்புப் போர்

கொழுந்து மணக்கும் ஓப்பநாயக்க மலைச்சாரலின் மின்வேந்தே, குறடும் திருப்புளியும் இடையிற் செருகிய கோமகனே, ஷாக்கடித்தும் சாயாத தோளனே, தேயிலைத் தொழிற்சாலைக் கரண்டுக்கார இருளப்பனே, வாழி! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் ஆண்டு நீ ஆடிய அருஞ்சமரைப் பாடாமல் இந்த நாக்குக்கு வேறென்ன வேலை?

மேல்மலையிலிருந்து கொழுந்துச் சாக்குகள் கம்பியில் தொங்கி இறங்கும். இறங்கும் பாரத்தை மோட்டார் இழுத்துப் பிடிக்க, அந்த வேகமெல்லாம் வெப்பமாகிச் சுவரோரச் சூட்டுப்பெட்டிக்குள் புகும். பெட்டி கருகாமல் காக்க நின்ற ஓவர்லோட் சுவிட்சு என்னும் வாயிற்காவலனோ, சும்மா சும்மா சினந்து கம்பியை நிறுத்தினான். பொறுமையிழந்த தோட்டத்துத் துரை முரசறைந்தார்: இன்று மாலைக்குள் கொழுந்தெல்லாம் இறங்காவிட்டால் கம்பி கழற்றப்படும், பெண்கள் பழையபடி எண்ணூறு படியும் சுமந்து இறங்கவேண்டும்.

பழுது பார்க்க வந்திருந்த யாழ்ப்பாணத்து இஞ்சினியர் ஞானசேகரம், புறப்படும் அவசரத்தில் ஜீப்பிலிருந்தே அருள்வாக்கு உதிர்த்தார்.

"ட்ரிப்பைப் பன்னிரண்டிலை வையுங்கோ, இருளப்பன்."

அவர் சொன்னது, சுவிட்சு கம்பியை நிறுத்தவேண்டிய ஆம்பியர் அளவை. நம் வீரனுக்கோ பிறந்தது முதல் ட்ரிப் என்றால் ஒன்றுதான்: கொழுந்து வந்திறங்கும் நடை.

மூண்டது போர். சாக்குகள் யானைப்படையென அசைந்திறங்க, சூட்டுப்பெட்டி அனல் கக்க, அதைத் தகரத் தட்டால் விசிறி, ஐந்தாம் நடையில் நின்ற கம்பியை அதட்டி எழுப்பி, எட்டாம் நடையில் நின்றதைக் கெஞ்சி எழுப்பி, முனியாண்டிச் சாமியை ஒருமுறையும் இஞ்சினியரின் பரம்பரையை இருமுறையும் விளித்து, பன்னிரண்டாம் நடையையும் பத்திரமாக இறக்கியபின், வெற்றிவீரன் தன் கையாலேயே கம்பியை நிறுத்தினான். மேலே இன்னும் பத்தொன்பது நடைக் கொழுந்து காத்திருந்தது.

சற்றுநேரத்தில், நின்றுபோன கம்பியைச் சபித்தபடி, கொழுந்து பறிக்கும் சுப்பம்மா சாக்கைத் தலையில் சுமந்து எண்ணூறு படியும் இறங்கிவந்தாள். பன்னிரண்டுக்கு மேல் இறக்குவது இஞ்சினியர் ஆணைக்கு விரோதம் என்று வீரன் எடுத்துரைத்தான். அவள் சாக்கை இறக்கிவைத்துவிட்டுச் சுவிட்சின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஏண்ணே, இந்த முள்ளு எட்டுல நிக்குது. பக்கத்துல பன்னெண்டுன்னு போட்டிருக்கே, அது எதுக்குங்க?"

வெட்கத்தால் சிவந்த நம் தலைவன் மெயினை அணைத்து, திருப்புளியை வாளென உருவி, திருகை ஒரு திருகு திருகினான். முள் பன்னிரண்டில் போய் அமர்ந்தது. அதன்பின் கம்பி மலையதிர முழங்க, வாயிற்காவலன் வாயடைத்து நிற்க, மேல்மலைப் பெண்களின் ஆரவாரம் பள்ளத்தாக்கை நிறைக்க, பத்தொன்பது நடையும் பொழுது சாயுமுன் வரிசைகட்டி வந்திறங்க, துரையின் ஆணை தூள்தூளாயிற்று!

சுப்பம்மா கையை வீசிக்கொண்டு லயத்து வீட்டுக்குப் போனாள்.