மூன்றில் இரண்டு

மாதாப்பூரில் இருந்த அந்த மென்பொருள் நிறுவனத்தில், இனி எல்லாம் இயற்கை வழியில் நடக்க வேண்டும் என்று முடிவு செய்யப்பட்டது. கான்டீன் டீயில் வெல்லம் விழுந்தது. மாடியில் யோகா பாய் விரித்தார்கள். அடுத்து, பிரசவ விடுப்பு முடிந்து திரும்பும் பெண்கள் உடனே மறுபடி விடுப்பு கேட்காமல் இருக்க, தாய்ப்பாலே கருத்தடை என்ற கொள்கையும் வந்து சேர்ந்தது.

தார்நாகாவிலிருந்து கம்பெனி வண்டியில் போய்வந்த அஸ்வினிக்கு அது பிடித்துத்தான் இருந்தது. மகனுக்கு மூன்று மாதம். ஏப்ரலில் டீம் லீடர் பதவி அவளுக்கு என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் இன்னொரு பிள்ளை என்றால் பதவி போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

மெட்டுகுடா டாக்டர் ஆக்னஸ் முன்பே எச்சரித்திருந்தார்.

"மூணு நிபந்தனைம்மா. குழந்தைக்கு ஆறு மாசம் தாண்டக் கூடாது. உனக்கு மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. ராப்பகலா தாய்ப்பால் மட்டும்தான், நேரடியா, நீண்ட இடைவெளி விடாம. ஒண்ணு தவறினாலும் நக்கோ, இதை நம்பவே கூடாது. வேற வழிக்கு எங்கிட்ட வந்துடு."

வேலைக்குத் திரும்பிய அன்றே கடைசி நிபந்தனை போயிற்று. பகலில் மாமியார் புட்டிப்பால் கொடுத்தார். அஸ்வினி கணவனிடம் கேட்டாள். சங்கர் அதே நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி.

"டாக்டரைப் பார்த்துட்டு வந்துடலாமா?"

"எதுக்கு? மூணுல ரெண்டு இருக்கு. அறுபத்தாறு பர்சன்ட். ஃபர்ஸ்ட் கிளாஸ்."

ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு மரியாதை கொடுத்து வளர்ந்தவள் அவள். டாக்டரிடம் போகவில்லை.

நிறுவனம் பாலூட்டும் அறை ஒன்றைத் திறந்தது. மெத்தை நாற்காலி, இளநீலச் சுவர், ஏசி. மறுநாளே அஸ்வினி மகனைத் தூக்கிக்கொண்டு போனாள். காவலர் வாசலில் மறித்தார். மனிதவள மேலாளர் சுப்ரியா இறங்கி வந்தாள்.

"ஸாரி அஸ்வினி. ஐ.டி. கார்டு இல்லாதவங்களை உள்ளே விட முடியாது."

"குழந்தைங்க இது."

"தெரியுது. விசிட்டர் பாஸ் தரலாம். ஆனா அவரே கையெழுத்துப் போடணுமே."

"அப்ப அந்த ரூம் யாருக்கு?"

"தாய்மார்களுக்கு."

தாய்மார்கள் சாப்பிட்டதும் அங்கே போய்க் கண்ணயர்ந்தார்கள். அறை மாபெரும் வெற்றி என்று அறிவிக்கப்பட்டது.

மாதங்கள் போயின; மாதவிலக்கு வரவில்லை. "பார்த்தியா, எவ்வளவு உறுதியா வேலை செய்யுது," என்றான் சங்கர். 'ஊழியர் அ' என்று பெயர் மறைத்து இதை ஆபீஸ் கூட்டத்தில் படம் போட்டும் விளக்கினான். எல்லோரும் அஸ்வினியைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். மூன்றில் இரண்டு போதும் என்பது கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட அளவாயிற்று.

காலை வாந்தி தொடங்கியதும் அவள் மெட்டுகுடாவுக்கு ஓடினாள்.

"மாதவிலக்கு நின்னது பாலால இல்லைம்மா," என்றார் ஆக்னஸ். "உள்ளே ஆள் வந்தாச்சு."

சங்கர் ஆழ்ந்து யோசித்தான். "முறையில தப்பில்லை. பயன்படுத்தினவங்க தப்பு."

"பயன்படுத்தினது யாருங்க, நான் மட்டுமா?"

அவன் லேப்டாப்பைத் திறந்து அதற்கொரு படம் தேடினான்.

ஏப்ரலில் பதவி ராகேஷுக்குப் போயிற்று. அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வேறு தகுதிகளும் இருந்திருக்கலாம்.

நிறுவனம் அஸ்வினியைக் கைவிட்டுவிடவில்லை. தேவை பெருகியதால் இரண்டாவது பாலூட்டும் அறை கட்டி, அனுபவசாலி என்ற முறையில் அவளை ரிப்பன் வெட்டக் கூப்பிட்டது. சுப்ரியா உட்கார்ந்தபடியே கத்தரிக்கோலை நீட்டினாள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்ட வேண்டும் என்று சங்கர் கேட்டுக்கொண்டான். ஆண்கள் எழுந்தார்கள். பெண்களில் பாதிப்பேர் நாற்காலியில் இருந்தபடியே தட்டினார்கள். அதிக நேரம் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம்.