சிஐடி சாரும் சயான் ஸ்டேஷன் மூட்டையும்

அறுபதுகளில் பம்பாய் நகரத்துக்குப் போலீஸ், கஸ்டம்ஸ், மதுவிலக்கு என்று ஏகப்பட்ட இலாகாக்கள் இருந்தன. எங்கள் சிஐடி சாரிடம் ஒரு விசிலைக் கொடுத்து மாதுங்காவில் நிறுத்தியிருந்தால், அத்தனை இலாகாக்களையும் இழுத்து மூடியிருக்கலாம். ஓய்வு பெறும்வரை மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் விஜிலன்ஸ் பிரிவில், பிறரைச் சந்தேகிப்பதற்காகவே சம்பளம் வாங்கியவன் நான். தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன்: அவர் சும்மா சந்தேகப்பட்டதில் பாதிகூட நான் சம்பளத்துக்குச் சந்தேகப்பட்டதில்லை.

எங்கள் ஹைஸ்கூலில் அவர் டிரில் மாஸ்டர். கேட் பொறுப்பும் அவருடையது. அவருடைய சொந்தப் பெயர் ஹெட்மாஸ்டருக்கு மட்டும் தெரியும் என்பார்கள். அந்தப் பெயர் உண்மையானதுதானா என்று அவரே சந்தேகப்பட்டிருக்கலாம்.

பள்ளிக்கூடம் வாடகை ஹால் ஒன்றில் தொடங்கியது. பிறகு ஸ்தாபகர் வீடு வீடாகப் போய் நன்கொடை வாங்கிக் கட்டிய மூன்று மாடிக் கட்டடம். மாதுங்கா ஆபீஸர் வீட்டுப் பிள்ளைகள், செம்பூர் குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகள், தாராவியிலிருந்து நடந்தே வரும் திருநெல்வேலிப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்போம். முகப்பில் ஸ்தாபகரின் படம். அதற்கு மேல் அவர் அன்பளிப்பாகக் கொடுத்த பெரிய கடிகாரம். ஹெட்மாஸ்டர் தினமும் இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அறைக்குள் போவார்.

பரீட்சை நாட்களில் கேன்டீன் வாசலில் நின்று, ஒவ்வொரு படாட்டா வடாவையும் பிய்த்துப் பார்த்துத்தான் சிஐடி சார் எங்களிடம் தருவார். உள்ளே பிட் இருக்குமாம். ஒரு தடவையும் இருந்ததில்லை. "உருளைக்கிழங்கு எதுக்கு இத்தனை மஞ்சளா இருக்கு?" என்று அடுத்த சந்தேகத்துக்குப் போய்விடுவார். சாக்பீஸ் வீட்டுக்குப் போகிறதா என்று கண்டுபிடிக்க, எல்லாவற்றின் அடியிலும் நீல மைப்புள்ளி வைத்தார். ஆசிரியர்களின் விரல்கள் நீலமானதுதான் கண்ட பலன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு முறை கல்வி இலாகா இன்ஸ்பெக்டரையே வெயிலில் நிறுத்திவிட்டார்.

"நான் இன்ஸ்பெக்டர்."

"அது ஆரு வேணும்னாலும் சொல்லிக்கலாமே. உம்மை இன்ஸ்பெக்டர்னு அடையாளம் சொல்ல ஆராவது உண்டோ?"

ஹெட்மாஸ்டர் வேட்டி தடுக்க ஓடி வந்து அடையாளம் சொன்னார். அன்று முதல் சிஐடி சார் 'விசாரணை' என்று வாயெடுத்தாலே ஹெட்மாஸ்டருக்கு வியர்க்கும்.

பதினோராம் வகுப்பில், அதாவது எஸ்.எஸ்.ஸி. வருஷத்தில், அவருடைய கண் யேசுவடியான் மீது விழுந்தது. யேசுவடியான் தாராவிப் பையன். ஒட்டடைக்குச்சி உடம்பு, கணக்கில் புலி. ஆனால் வாரத்தில் பாதி நாள் கேட் சாத்திய பிறகுதான் வருவான். மூன்று நாள் தாமதித்தால் ஒரு நாள் ஆப்சென்ட் என்பது பள்ளி விதி. ஆப்சென்ட் அதிகமானால் எஸ்.எஸ்.ஸி. பரீட்சைக்குப் பெயரே அனுப்பமாட்டார்கள். அவன் அந்த விளிம்புக்கு வந்துவிட்டான்.

"ஏண்டா லேட்?"

"டிரெயின் லேட்டு சார்."

"நீ தாராவியிலேர்ந்து நடந்துன்னா வரே! நோக்கு எங்கேர்ந்துடா டிரெயின்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மறுநாளும் லேட். மறுநாளும் அதே பதில். பொய் சொல்பவன் தினம் ஒரு பொய் சொல்வான் என்பது விஜிலன்ஸில் பாலபாடம். எனக்கு அது அப்போது தெரியாது. சிஐடி சாருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவருக்குச் சந்தேகம் இரட்டிப்பானது.

நான் கிளாஸ் மானிட்டர். ஒரு நாள் மாலை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாளைக்குக் காலம்பற என்னோட வா. பின்னாடி ஒருத்தன் கேள்வி கேட்டா, கண்ணால பாத்த சாட்சின்னு ஒரு ஆள் வேண்டாமோ?" கேட்டை மராத்திக்காரப் பியூன் பாண்டுவிடம் ஒப்படைத்தார். "ஆரு வந்தாலும் மணி அடிச்சப்புறம் தொறக்கப்படாது. தெரிஞ்சுதா?"

தாராவிக்கு ஒட்டினாற்போல் இருப்பது சயான் ஸ்டேஷன்தான். காலையில் அதன் படிக்கட்டு ஓரம் ஒளிந்து நின்றோம். சார் மாறுவேஷத்தில் இருந்தார். அதாவது, தலையில் மப்ளர். "நமஸ்தே மாஸ்டர்ஜி, புகாரா?" என்று பான்வாலா காய்ச்சலை விசாரித்துவிட்டுப் போனான்.

சற்று நேரத்தில் யேசுவடியான் வந்தான். நெஞ்சோடு ஒரு துணிமூட்டை. இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டு படியருகே நின்றான்.

சார் என் தோளைப் பிடித்து அழுத்தினார். "பாத்தியா, எப்படி அணைச்சுண்டு நிக்கறான்! உள்ளே குப்பிதான். கள்ளச்சாராயம்."

"பாட்டில்னா சத்தம் கேக்குமே சார்?"

"துணி சுத்தியிருக்கான். கைதேர்ந்தவன்."

"சார், மூட்டை அசையறது."

"நுரைக்கறதுடா. புதுச் சரக்கு."

புதுச் சரக்கு வீல் என்று அழுதது.

துணிக்குள்ளிருந்து ஒரு பிஞ்சுக் கை நீண்டு யேசுவடியானின் காதைப் பிடித்து இழுத்தது. சிஐடி சார் மெதுவாக மப்ளரை அவிழ்த்தார்.

அப்போதுதான் லோக்கல் ரயில் வந்து நின்றது. கூட்டத்தோடு இறங்கி வந்த ஒருவர், மெஷின் எண்ணெய் படிந்த சட்டையும் தூக்கம் சொக்கும் கண்ணுமாக, நேரே அவனிடம் வந்தார்.

"ஏலே, ரொம்ப நேரமா நிக்கியா? நைட் ஷிப்ட் முடிஞ்சு விக்ரோலியில நேரத்துக்குத்தாம்ல ஏறுனேன். குர்லாவுல வண்டிய நிறுத்திப் போட்டுட்டான்."

"பாப்பா பால் குடிச்சாச்சுப்பா. அம்ம அப்பமே ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போயிட்டா. சட்டையெல்லாம் நனைச்சிட்டாப்பா இவ."

"போவட்டும். ஓடுல, ஓடு. கேட்டச் சாத்திருவாங்க!"

மூட்டை கை மாறியது. யேசுவடியான் ஓடினான். அப்பாவின் டிரெயின் லேட்டானால் நடந்து வரும் பிள்ளையும் லேட். அவன் சொன்னது அத்தனையும் உண்மை. மிச்சத்தைச் சொன்னால் அம்மா ஆயா வேலை பார்ப்பது வகுப்புக்குத் தெரிந்துவிடும். எங்கள் வகுப்பு கேலியில் மாநிலத்திலேயே முதலிடம்.

நாங்களும் பின்னால் ஓடினோம். கிங்ஸ் சர்க்கிளில் சார் ஒரு விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்கினார். பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது கேட் சாத்தியிருந்தது. யேசுவடியான் வெளியே நின்றான். பக்கத்தில் நாங்கள் இருவரும் நின்றோம்.

"பாண்டு, கேட்டைத் தொற."

"ஆர்டர் நை, சார். யார் வந்தாலும் தொறக்காதேன்னு சார் சொல்லிச்சு."

"டேய், நான்தாண்டா அந்த சார்!"

பாண்டு கம்பி இடுக்கில் கண்ணை வைத்து அவரை மேலும் கீழும் பார்த்தான். "சார் மாதிரிதான் இருக்கு. ஆனா நம்ம சார் லேட்டா வராதே!"

பல வருஷப் பயிற்சி. வீண் போகவில்லை. சத்தம் கேட்டு ஹெட்மாஸ்டர் வந்தார்.

"என்ன சார் இது, நீங்களே லேட்டா?"

சிஐடி சார் வாயிலிருந்து தானாகவே வந்தது: "டிரெயின் லேட், சார்."

"உங்காத்துலேர்ந்து ரெண்டு தெரு. உங்களுக்கு எங்கேர்ந்து சார் டிரெயின்?"

சாருக்கு முகம் சிவந்தது. யேசுவடியானைத் திரும்பிப் பார்த்தார். பையன் கேட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றான். இன்னொரு ஆப்சென்ட் விழுந்தால் பரீட்சை போய்விடும் என்பது வெளியே நின்ற எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"அதென்ன, இவன் சட்டை நனைஞ்சிருக்கு?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"அது எவிடென்ஸ் சார். ஆரும் தொடப்படாது." சிஐடி சார் நிமிர்ந்தார். முகப்பைப் பார்த்தார். வழக்கம்போல் கண்ணை இடுக்கிக்கொண்டார். "சார், நேக்கு ரொம்ப நாளாவே அந்தக் கடிகாரத்து மேலே சந்தேகம்."

ஹெட்மாஸ்டர் ஆடிப்போனார். "அது ஸ்தாபகர் குடுத்தது!"

"ஆரு குடுத்தா என்ன? வேகமா ஓடறது. அதனால எத்தனை பசங்க அநியாயமா லேட் ஆகியிருக்கானோ! விசாரணை வைக்கணும்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் ஹெட்மாஸ்டர் கைக்குட்டையைத் தேடினார்.

"விசாரணை முடியற வரைக்கும் பழைய லேட் எதையும் கணக்கில சேக்கப்படாது. நாளையிலேர்ந்து ரயில்வே டயம்தான் நமக்கு ஆதாரம். பாண்டு காலம்பற ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டுண்டு வரட்டும். கல்யாண், விக்ரோலி பக்கத்து லோக்கல் எத்தனை லேட்டோ, நம்ம கேட்டும் அத்தனை லேட்."

இந்த ஏற்பாட்டில் உள்ள ஓட்டைகளை ஒரு கீழ்நிலைக் குமாஸ்தாகூடச் சுட்டிக்காட்டுவான். ஹெட்மாஸ்டர் ஒன்றையும் கேட்கவில்லை. விசாரணைக்குப் பயந்தாரா, நனைந்த சட்டையில் குழந்தை வாடை அடித்ததா, எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். "கேட்டைத் தொறடா பாண்டு" என்றார்.

யேசுவடியான் எஸ்.எஸ்.ஸி. எழுதினான், கணக்கில் பள்ளிக்கே முதலாக வந்தான். பரீட்சை முடியும்வரை சிஐடி சார் பல நாள் காலையில் சயான் படிக்கட்டில் நின்றதாகக் கேள்வி. ஒரு நாள் நானே பார்த்தேன். மூட்டையை அவர் கையில் வாங்கி வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்தார். "நேத்தைக்கு இத்தனை கனம் இல்லையேடா. என்ன குடுத்தே இவளுக்கு?"

என் பணிக்காலத்தில் நான் முடித்து வைக்காத விசாரணை கிடையாது. அந்தக் கடிகாரத்தின் மீதான விசாரணையை மட்டும் யாரும் முடித்து வைக்கவில்லை. சார் போய் வெகுநாளாகிவிட்டது. இப்போதும் மாதுங்கா பக்கம் போனால், அந்த கேட்டுக்கு வெளியே நின்று, கண்ணை இடுக்கிக்கொண்டு கடிகாரத்தை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் வருகிறேன். அவர் சார்பாக.